நேயர் நம்பர் 4127

ஒன்பதாவது வாரம்

புதன்கிழமை சாயங்காலம் ஆனால் சுரங்கக் குடியிருப்பில் ஏழாவது லைன்காரர்களுக்குக் கால் தானாகப் படிப்பகத்துப் பக்கம் போய்விடும். ஏழேகாலுக்கு ரேடியோவில் ‘முத்துவேல் குடும்பம்’. நாடகம் நின்று ஒன்பது வாரம் ஆகிவிட்டது. இருந்தாலும் பாயோடு வந்து உட்காருகிறார்கள். அதே நேரத்தில் யாரோ ஒருவர் கரும்புக்கு எரு போடுவது எப்படி என்று சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

தினமும் பூமிக்குள் எட்டாயிரம் அடி இறங்கிப் பாறை உடைக்கிறவர்களுக்குக் கரும்பு எதற்கு?

“போன வாரம் வேப்பம் புண்ணாக்கு. இந்த வாரம் இன்னாவோ?” என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களும் உண்டு.

கோபம் எருவின் மேல் இல்லை. நாடகத்தை நிறுத்திய இடத்தின் மேல். கடைசி வாரம், முத்துவேல் வீட்டுக் கதவை யாரோ மூன்று தடவை தட்டினார்கள். மூத்த மகள் கமலம் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வீணையை மீட்டி மூடிவிட்டார்கள். அடுத்த புதன் கரும்பு. வந்தது ஓடிப்போன மருமகனா, போலீஸா, தந்திக்காரனா? கோலார் தங்கவயல் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போடாத ஷிஃப்ட் இல்லை.

சுலோச்சனா அப்போதுதான் கார்டு எழுத ஆரம்பித்தாள்.

சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன் பெரியசாமியின் மகள். பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிறாள். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத பெண். வீடு வீடாகப் போனாள். “நாடகம் திரும்ப வரணும்னு கேட்டு எழுதுறேன், பேரச் சொல்லுங்க” என்றாள். அண்ணன் சித்தார்த்தனையும் படிப்பகத்து ராஜேந்திரனையும் இழுத்துப் பிடித்து எழுத வைத்தாள். மூன்று வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு போஸ்ட்கார்டு. கட்டுக்கட்டாக வீட்டு அலமாரியில் இருந்த புத்தர் படத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்து, ஒரு திங்கட்கிழமை மொத்தமாகக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். பெட்டி நிரம்பி, மீதியைத் தபால்காரர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் ஒரு விஷயம். இந்த ஊரில் ஒருத்தரைப் பேர் கேட்டால் பேரோடு நிறுத்த மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டாலும், ரேஷனில் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்டாலும், பேர், வேலைக்காரருக்குக் கம்பெனி கொடுத்த பித்தளை வில்லை நம்பர், இறங்குகிற ஷாஃப்ட், லைன், ரூம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். கார்டிலும் அப்படியே சொன்னார்கள். சுலோச்சனாவும் அப்படியே எழுதினாள். ரேடியோகாரர்களுக்கு வில்லை நம்பர் எதற்கு என்று சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை, எழுதினவளுக்கும் தோன்றவில்லை.

பக்கத்து ரூம் ரத்தினம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

“பேரு இன்னான்னு எழுதட்டும் அத்தே?”

“காத்தவராயன்னு எழுது.”

சுலோச்சனாவின் பேனா நின்றது. காத்தவராயன் போய் இரண்டு வருஷம். பாறை வெடித்துச் சுரங்கத்துக்குள் செத்துப்போன நான்கு பேரில் ஒருவர்.

“உங்க பேர எழுதுறேனே அத்தே.”

“வாணாம். அவரு பேருலயே எழுது. அன்னிக்குப் புதன்கிழம. ‘எனக்கு ரெண்டாவது ஷிஃப்டு, நீ போய் கேட்டுட்டு வா, காலையில எனக்குக் கதைய சொல்லு’ன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்கு வரிக்கும் கேட்டுகினு வந்து சொல்லிகினு தான் கீறேன். நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு. எழுது.”

எழுதினாள். அன்று மட்டும் அவளுக்கு நாற்பதாவது கார்டு. கை ஓடுகிற ஓட்டத்தில் பேர், நம்பர், ஷாஃப்ட், ஏழாவது லைன், ரூம் பன்னிரண்டு என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

அந்த ரூம் பன்னிரண்டில்தான் ரத்தினம்மா இருக்கிறாள் என்பது கம்பெனிக்குத் தெரியாது. வேலைக்காரர் செத்தால் மூன்று மாதத்தில் ரூமைக் காலி செய்ய வேண்டும். ரத்தினம்மா பூதிகோட்டையில் தம்பி வீட்டுக்குப் போவதாக அப்போது எழுதிக் கொடுத்தாள். போனாள். தம்பி பெண்டாட்டியோடு ஒத்துப்போகாமல் ஒரே மாதத்தில் திரும்பி வந்தாள், ஒப்படைக்காமல் வைத்திருந்த சாவியால் ரூமைத் திறந்துகொண்டாள். அன்றிலிருந்து, லைன் இன்ஸ்பெக்டர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் யாராவது ஒரு பிள்ளை விசில் அடிக்கும். ரத்தினம்மா கதவைப் பூட்டிக்கொண்டு சுலோச்சனாவின் அம்மா பழனியம்மா வீட்டு அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். இன்ஸ்பெக்டர் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு வருஷமாக லைன் மொத்தமும் சேர்ந்து காப்பாற்றி வைத்திருக்கிற ரகசியம் அது.

இந்தப் புதன்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, முதல் ஷிஃப்ட் முடிந்து பெரியசாமி வீட்டுக்குள் நுழைந்தார். தூக்குச் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

“சுலோச்சனா எங்க?”

“கொழாயாண்ட. இன்னாயா, மூஞ்ச ஏன் அப்படி வெச்சிகினு கீற?” என்றாள் பழனியம்மா.

“கிளாரன்ஸ் சார் கூப்புடுறாரு. பொண்ண கூட்டிகினு மூணர மணிக்கு லேபர் ஆபீசுக்கு வரணுமாம்.”

“நம்ம பையன் பேருக்கா?”

கேட்க வேண்டிய கேள்விதான். சித்தார்த்தன் மெடிக்கல் பாஸ் செய்து, புது ஆள் லிஸ்ட்டில் பேர் வருமா என்று பதினோரு மாதமாகக் காத்திருக்கிறான். இதே தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கிற லீலாவை அவனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: வேலை வரட்டும், ரூம் வரட்டும், மறுநாளே தேதி வைக்கலாம்.

“பையன் பேருக்குப் பொண்ண ஏன் கூப்புடுறாங்க? போஸ்ட்கார்டாம். மூட்டையா வந்து எறங்கிக் கீதாம்.”

ஜன்னல் ஓரமாகத் தலை சீவிக்கொண்டிருந்த சித்தார்த்தன் சீப்பை நிறுத்தினான். குடத்தோடு உள்ளே வந்த தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

“ரேடியோ மகாராணி! உன் கார்டுங்க எல்லாம் டிக்கெட் இல்லாம திரும்பி வந்துடுச்சாம். போய் ஜாமீன் எடு.”

“நீ எழுதினதும் அதுல தான் கீது. எழுத்துப் பிழைக்கு உன்னத்தான் உள்ள வெப்பாங்க” என்று சுலோச்சனா குடத்தை இறக்கினாள். வாய் சிரித்தது. கண் அப்பா முகத்திலேயே இருந்தது.

“சிரிக்கிற நேரமாடி இது?” என்றாள் பழனியம்மா. “அவன் பேரு அந்த ஆபீஸ்ல தான் மாட்டிகினு கீது. போன எடத்துல வாய வெச்சிகினு சும்மா இரு.”

லேபர் ஆபீஸில் கிளாரன்ஸ் மேஜைக்கு மேலே ஒரு சாக்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து சரிந்த கார்டுகள் மேஜை, நாற்காலி, தரை என்று பரவிக் கிடந்தன. கிளாரன்ஸ் ஐம்பது வயதுக்காரர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். காலர் கசங்காத வெள்ளைச் சட்டை, காதில் நீலப் பென்சில்.

“வா மேன் பெரியசாமி. இதுதான் அந்த ரைட்டரா? உக்காரு பொண்ணு. எடம் இருந்தா உக்காரு.”

இடம் இல்லை. நின்றாள்.

“மூணு நாளா எனக்கு வேற வேல கெடையாது. எங்க வூட்டம்மா கேக்குறா, ஆபீஸ்ல இன்னா பண்றேன்னு. ‘முத்துவேல் குடும்பத்துக்கு ஹாஜர் எடுக்கிறேன்’னு சொன்னேன்.” அவர் ஒரு கார்டை எடுத்தார். “இதக் கேளு. ‘ஐயா, நாடகம் திரும்ப வர வேண்டும். மேலும் எங்கள் லைன் கக்கூசுக்குக் கதவு இல்லை.’ ரேடியோகாரன் வந்து கதவு போடுவானா?”

“அவரு சொன்னத எழுதினேன் சார்.”

“இன்னொருத்தன் ரெண்டு நாள் லீவு கேக்குறான்.”

பெரியசாமி மகளை ஒரு பார்வை பார்த்தார். சுலோச்சனா சாக்கைப் பார்த்தாள்.

கிளாரன்ஸ் சிரிப்பை நிறுத்தி, ஒரு டைப் அடித்த கடிதத்தைக் கையில் எடுத்தார். ரேடியோ நிலையத்து அதிகாரி எழுதியது. அவர் தமிழில் சொன்னார்.

“இருநூத்தி பதினாலு கார்டு. மூணே கையெழுத்து. எல்லாத்துலயும் வேல நம்பர். இவங்கல்லாம் நெஜமான ஆளுங்களான்னு ரிஜிஸ்டர் பாத்துச் சொல்லுங்கன்னு நம்மள கேட்டிருக்காங்க. நெஜம்னா நாடகத்தத் திரும்பப் போடுறத பத்தி யோசிப்பாங்க. அதுல ஒரு பேரு கள்ளப் பேருன்னாலும் மொத்தத்தயும் கள்ளம்னு கட்டி வெச்சிடுவாங்களாம்.”

“எல்லாம் நெஜம் சார்!” சுலோச்சனா மேஜைமேல் கையை ஊன்றிவிட்டாள். “ஒருத்தர் வுடாம கேட்டு எழுதினேன். நீங்களே படிப்பகத்துக்கு வந்து பாருங்க, இன்னிக்குக் கூட வருவாங்க.”

“பாத்துட்டேன். இருநூத்தி பதிமூணுக்கு டிக் போட்டுட்டேன்.”

தனியாகக் கண்ணாடிப் பேப்பர்வெயிட் ஒன்றின் கீழே வைத்திருந்த கார்டை எடுத்து, அவள் பக்கம் திருப்பினார்.

அவளுடைய கையெழுத்துதான். நாலாயிரத்து நூற்று இருபத்தேழு.

“காத்தவராயன எனக்கே தெரியும். சவப்பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். இந்த நம்பர இன்னும் யாருக்கும் குடுக்கல. அப்ப இத எழுதச் சொன்னது யாரு?”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“அவன் சம்சாரமா?” என்றார் கிளாரன்ஸ், குரலைத் தாழ்த்தி. “அப்படின்னா சொல்லு. தப்பு இல்ல. ‘காலஞ்சென்றவரின் மனைவி’ன்னு எழுதி டிக் போட்டுடுறேன். இருநூத்தி பதினாலும் சரி. இன்னிக்கே தபால்ல போட்டா அடுத்த மாசம் உன் நாடகம் வந்துடும். ஆனா இந்த ரூம் நம்பர் எழுதியிருக்கிற. ரிஜிஸ்டர்ல அந்தம்மா பூதிகோட்டைக்குப் போயாச்சுன்னு கீது. இங்க இருக்காங்கன்னா, வந்து ஒரு கைநாட்டு வெக்கணும். அவ்வளவு தான்.”

அவர் அவ்வளவுதான் என்று சொன்னது அவருக்கு அவ்வளவுதான். கைநாட்டு வைத்த அடுத்த நிமிஷம் அவர் கையில் உள்ள பேனா ரூம் ரிஜிஸ்டருக்குப் போகும். அது அவர் வேலை. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

சுலோச்சனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியசாமி தொப்பியைக் கையில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மேஜையின் இழுப்பறை ஒன்றில்தான் அவர் மகன் பேர் இருக்கிறது.

இருநூற்றுப் பதிமூன்று டிக். மூன்று வாரம் வீடு வீடாக நடந்தது. கமலம் கையில் விளக்கு. தாழ்ப்பாள் சத்தம்.

“நான் தான் சார்” என்றாள்.

“இன்னா நீ தான்?”

“நானே எழுதிட்டேன். இருநூத்தி பதினாலு வரணும்னு ஒரு ஆச. யாரும் சொல்லல. பழய பேரு ஞாபகத்துல இருந்துச்சி, எழுதிட்டேன்.”

“செத்தவன் பேர?”

“ஆமா சார்.”

கிளாரன்ஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்குக் கோபம் வந்ததா, வருத்தமா என்று சொல்ல முடியாது. “அந்த ரூம்ல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல சார். பூட்டித் தான் கீது.”

“காலி?”

“காலி சார்.”

“பெரியசாமி, நீ பக்கத்து ரூம் தானே மேன்? காலியா?”

பெரியசாமி தரையில் கிடந்த கார்டுகளைப் பார்த்தார். “பூட்டு தொங்குது சார்” என்றார். பாதி உண்மை, இன்ஸ்பெக்டர் வரும்போது தொங்கத்தான் செய்கிறது.

கிளாரன்ஸ் தடித்த ரிஜிஸ்டர் ஒன்றை இழுத்துப் புரட்டி, ஒரு வரிக்கு எதிரில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்ததை சுலோச்சனா எழுத்துக் கூட்டுவதற்குள் மூடிவிட்டார். பிறகு டைப்ரைட்டரில் தாளைச் சொருகி, இரண்டே விரலால் நான்கு வரி அடித்தார். கார்டு ஒன்று கள்ளப் பேரில் எழுதப்பட்டது, எழுதியவள் ஒப்புக்கொண்டாள். சுலோச்சனா கையெழுத்துப் போட்டாள்.

“எனக்கும் தெரியணும்னு இருந்துச்சி பொண்ணு” என்றார் கிளாரன்ஸ், கார்டுகளைச் சாக்குக்குள் தள்ளிக்கொண்டே. “கதவத் தட்டினது மருமகன் தான்னு எங்க வூட்டம்மா கிட்ட பந்தயம் கட்டிக் கீறேன்.”

வெளியே வந்து, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டு ஓரமாக நடந்தார்கள். காற்றில் வெள்ளைத் தூசு பறந்தது.

“நல்லா சொன்ன” என்றார் பெரியசாமி.

“பொய் தானே நைனா.”

“அதத்தான் சொல்றேன். நானா இருந்தா நாக்கு ஒட்டிகினு இருக்கும்.” இன்னும் பத்தடி நடந்தார். “ஏம்மா, அந்தம்மா பூதிகோட்டையில இருந்து ஒருநாள் வந்துச்சி, அப்ப எழுதச் சொல்லிச்சின்னு சொல்லியிருக்கலாம் இல்ல? கார்டும் சரியாயிருக்கும், ரூமும் தப்பிச்சிருக்கும்.”

சுலோச்சனா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

“இத இப்ப சொல்றியா நைனா? அங்க சொல்றதுக்கு இன்னா?”

“இப்ப தாம்மா தோணுச்சி.”

“எட்டாயிரம் அடி கீழ போய் மேல வர்ற ஆளு! ஆபீஸ்ல இருந்து ரோட்டுக்கு வர்றதுக்குள்ள தான் மூள மேல வருதா?”

பெரியசாமி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர். தாவணி முனையால் துடைத்துக்கொண்டாள். தூசு என்று சொல்லிக்கொள்ள வசதியான ஊர்.

“நாடகம் போனா போகுது. நாலு செவுரு போனா வராது” என்றார் அவர்.

வீட்டு வாசலில் ரத்தினம்மா உட்கார்ந்து பழனியம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கீரையை மடியிலிருந்து உதறினாள்.

“இன்னா கண்ணு சொன்னாங்க? வருதாமா?”

“இன்னும் படிச்சிகினு கீறாங்க அத்தே. நெறைய கார்டு இல்ல?”

“அவரு கார்டு?”

“அது வந்து...” சுலோச்சனா அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அதத்தான் தனியா எடுத்து வெச்சிப் பாத்தாங்க.”

ரத்தினம்மாவுக்கு முகம் மலர்ந்தது. “அவரு எப்பவும் அப்படித்தான். எங்க போனாலும் தனியாத் தெரிவாரு.”

“எவரு கார்டுடி?” என்றாள் பழனியம்மா. அவளுக்கு இது புதுசு. சுலோச்சனா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், அடுப்படியில் குனிந்து, நடந்ததை எல்லாம் காதோடு சொன்னாள். பழனியம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கையால் மகள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதே கை பிறகு அங்கேயே நின்று, முடியைத் தடவிக் கொடுத்தது.

“அவ கிட்ட சொல்லாத. தன்னால தான் நின்னுடுச்சின்னு நெனச்சி மாய்ஞ்சிடுவா.”

“சொல்ல மாட்டேன்.”

“காலின்னு சொன்னியே, அதுவே போதும். இனிமே எவனும் வந்து பூட்ட இழுக்க மாட்டான்.”

ஐந்தரை மணி இருக்கும். தெருமுனையிலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். சித்தார்த்தன்தான். சட்டை பாதி வெளியே வந்துவிட்டது, செருப்பு ஒன்று காலில், ஒன்று கையில்.

“நைனா! அம்மா! வந்துடுச்சி!”

“இன்னாடா?”

“பேரு! லிஸ்ட்டுல மூணாவது பேரு! திங்கக்கிழமயில இருந்து ட்யூட்டி!”

அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது. பழனியம்மா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியசாமி, “எந்த ஷாஃப்டு? எந்த ஷாஃப்டு?” என்று அதையே நான்கு தடவை கேட்டார். எதிர் வீட்டு சரோஜம்மா சத்தம் கேட்டு, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். ரத்தினம்மா தன் ரூமுக்குப் போய், டப்பாவைத் தட்டித் தேடி, ஒரு பிடி சர்க்கரை கொண்டுவந்து சித்தார்த்தன் வாயில் போட்டாள்.

“உன்ன இடுப்புல தூக்கிகினு திரிஞ்சேன்டா. அவரு இருந்திருந்தா தன் கூடயே கூண்டுல கூட்டிகினு எறங்கியிருப்பாரு” என்றாள். கண் கலங்கவில்லை, சந்தோஷமாகவே சொன்னாள்.

“இனிமே ரூம் ஒண்ணு தான் பாக்கி. வந்துட்டா லீலா வூட்டுக்குப் போய் தேதி வெச்சிட வேண்டியது தான்” என்றாள் பழனியம்மா.

“இரும்மா, இன்னொண்ணு கீது.” சித்தார்த்தன் வாயில் சர்க்கரையோடு சட்டைப்பையைத் துழாவினான். ஒட்டிய பழுப்பு நிறக் கவர் ஒன்று வந்தது. “கிளாரன்ஸ் சார் குடுத்தாரு. ‘வூட்டுல போய்ப் பிரி, உன் தங்கச்சிக்குக் காட்டு, அவ சொன்ன வார்த்தையால தான் இது ஆச்சு’ன்னாரு. அவருக்கு உம்மேல கோவம் எல்லாம் இல்ல மகாராணி. சிரிச்சிகினே தான் குடுத்தாரு.”

சுலோச்சனா கவரை வாங்கினாள். ஓரத்தைக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள், கிளாரன்ஸின் இரண்டு விரல் டைப். இங்கிலீஷ்தான், ஆனால் சின்னச் சின்ன வரிகள். டைப்ரைட்டிங் வகுப்பில் படிக்கிறவளுக்குப் புரியாமல் போக எதுவும் இல்லை.

பெரியசாமி மகன், புது வேலையாள் சித்தார்த்தனுக்கு ஒதுக்கியது: ஏழாவது லைன், ரூம் பன்னிரண்டு. விசாரித்ததில் காலி என்று தெரிகிறது. சாவி திரும்ப ஒப்படைக்கப்படவில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லைன் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பூட்டை உடைத்து ரூமை ஒப்படைப்பார்.

அவள் இரண்டாவது தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை. தலைகீழாகப் பார்த்த அந்த ஒற்றை வார்த்தை என்னவென்று இப்போது தெரிந்தது.

“இன்னா, இங்கிலீசு மறந்துபோச்சா?” என்றான் அண்ணன். “சத்தமா படி.”

பெரியசாமி மகள் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

ரத்தினம்மா சர்க்கரை ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பழுப்புக் கவர் என்றால் சர்க்கார் காரியம் என்று தெரியும். சர்க்காரிடமிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கடிதம் உலகத்தில் ஒன்றுதான்.

“ரேடியோக்காரங்க பதில் தானே கண்ணு? எனக்கு மொதல்ல சொல்லு. அவருக்குச் சொல்லணும்.” தாளின் மேல் விரலை வைத்து, சுலோச்சனாவின் முகத்தை ஆசையாகப் பார்த்தாள். “கதவத் தட்டினது யாருன்னு எழுதியிருக்காங்களா?”